சுரங்கத்துக்குப் போகாத சகோதரன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கிறிஸ்தவ ஓவியங்களும் தியானங்களும் அடங்கிய பரிசு நூல் ஒன்றுக்கு டிசம்பர் இதழில் முழுப்பக்க மதிப்புரை போட்டிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் 'ஜெபிக்கும் கரங்கள்' பற்றி அதில் ஒரு வரி: "ஓவியரைப் படிக்க வைக்கச் சுரங்கத்தில் உழைத்து விரல்கள் நொறுங்கிய சகோதரனின் கைகள் இவை." நூலில் இருந்த பிழையை மதிப்புரையாளர் கண்ணில் ஒற்றி எடுத்துக்கொண்டு வந்து நம் கையில் கொடுத்திருக்கிறார்.

அதை வரைந்த ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரின் அப்பா நியூரம்பெர்க் நகரப் பொற்கொல்லர். மகன் 1486-ல் மிகாயேல் வோல்கமுட் என்ற ஓவியரின் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். பிழைத்து வளர்ந்த சகோதரர்கள் இரண்டே பேர். எண்ட்ரெஸ் பொற்கொல்லர் ஆனார், ஹான்ஸ் ஓவியர் ஆனார். சுரங்கத்துக்கு யாரைத்தான் அனுப்புவது? அந்தப் படமோ 1508-ல் வரைந்த ஒரு மாதிரிச் சித்திரம். ஃபிராங்க்ஃபர்ட் வணிகர் யாகோப் ஹெல்லர் கேட்ட பீட ஓவியத்தில் வரும் அப்போஸ்தலர் ஒருவரின் கைகளுக்கான பயிற்சி. அந்த ஓவியத்தின் நடுப்பலகை 1729-ல் மியூனிக் அரண்மனைத் தீயில் எரிந்துபோயிற்று. கைகள் வியன்னாவின் ஆல்பெர்ட்டினா அருங்காட்சியகத்தில் பிழைத்திருக்கின்றன. படத்தை உற்றுப் பார்த்தாலே போதும்: நீண்டு மெலிந்த விரல்கள், நுனிகள் பட்டும் படாமலும். எலும்பு நொறுங்கிய கை இப்படியா நிற்கும்?

இதையெல்லாம் தங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் இந்தக் கதை பிரசங்க மேடையிலிருந்து வாட்ஸ்அப்புக்கும், அங்கிருந்து அச்சுக்கும், இப்போது தங்கள் பத்திரிகைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. 'இராப்போஜனம்' ஓவியத்தில் இயேசுவுக்கும் யூதாசுக்கும் லியோனார்டோ டா வின்சி ஒரே ஆளை மாடலாக வைத்தார் என்ற கதைதான் பாக்கி. அதை ஈஸ்டர் இதழுக்கு வைத்திருப்பீர்கள் போலும்.

மதிப்புரை 'அச்சு அருமை' என்கிறது. எந்தப் பக்கத்தைப் பார்த்து? டியூரர் நீல நிறம் பூசிய தாளில் தூரிகையால் வரைந்து, வெளிச்சம் விழும் இடங்களுக்கு வெள்ளை கொடுத்தார். அந்த நீலம் இருளுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவான நிறமாக இருப்பதால்தான் வெள்ளை எழுந்து நிற்கிறது, கை புடைத்துத் தெரிகிறது. நூலில் படம் பழுப்பாகிவிட்டது. பழைய வாழ்த்து அட்டையிலிருந்து ஸ்கேன் எடுத்தால் அப்படித்தான் வரும்.

'இராப்போஜனம்' இன்னும் மோசம். சதுரப் புத்தகத்தில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து விரித்திருக்கிறார்கள். அந்த ஓவியத்தின் கோடுகள் எல்லாம் போய்க் குவிவது நடுவில் இருக்கும் இயேசுவின் தலையில். புத்தகத்தின் நடு எது? முதுகு. பர்ஃபெக்ட் பைண்டிங்கில் முதுகை மூன்று மில்லிமீட்டர் அளவுக்குச் சீவிவிட்டுத்தான் பசை ஓட்டுவார்கள். பிறகும் பக்கத்துக்கு அரை சென்டிமீட்டர் திறக்காது. 880 சென்டிமீட்டர் அகலச் சுவரோவியத்தை 45 சென்டிமீட்டருக்குச் சுருக்கினால் இயேசுவின் முகம் அகலத்தில் ஒன்றரை சென்டிமீட்டர்கூட வராது. மடிப்புக்குள் முகம் போய்விட்டது. சீடர்கள் பன்னிரண்டு பேரும் பத்திரம்!

வழி இல்லாமல் இல்லை. பாரம் பாரமாக (ஒரே தாளை மடித்த பக்கக் கட்டுகளாக) தைத்துக் கட்டி, 16 பக்கப் பாரத்தில் எட்டாம், ஒன்பதாம் பக்கத்தில் படத்தை வைத்தால் ஒரே தாளாக விரியும். செலவு கூடும் என்றால் ஒரே பக்கத்தில் சின்னதாகப் போடலாம். 170 ஜிஎஸ்எம் கனமுள்ள ஆர்ட் பேப்பருக்குப் பசை மட்டும் போட்டால் வழவழப்பில் அது பிடிக்காது. தாளின் கிரெய்ன், அதாவது இழை ஓடும் திசை, முதுகுக்குக் குறுக்கே போயிருந்தால் நாலு தடவை திறந்ததுமே பக்கம் கையோடு வந்துவிடும். பரிசாக வாங்கியவர் யாரிடம் போய்ச் சொல்வார்?

தியானங்களைக் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகப் போட்டது யார் யோசனை என்று தெரியவில்லை. ஒன்பது பாயிண்ட் தமிழை நாலு வண்ண மையின்மேல் அப்படி விட்டால் மை பரவிப் புள்ளிகளை அடைத்துவிடும். 'கர்த்தர்' பல இடங்களில் 'கரததர' ஆகிவிட்டார். பன்னிரண்டு பாயிண்டில், தடித்த எழுத்தில் போட்டிருந்தால் தப்பியிருக்கும்.

இயேசு கதவைத் தட்டி நிற்கும் படமான, ஆங்கில ஓவியர் ஹோல்மன் ஹன்ட்டின் 'உலகத்தின் ஒளி'க்கு அருமையான தியானம் எழுதியிருக்கிறார்கள். கதவுக்கு வெளியே கைப்பிடி இல்லை, உள்ளிருப்பவர்தான் திறக்கவேண்டும் என்று ஒன்றரைப் பக்கம். எதிர்ப்பக்கத்துப் படத்தில் கதவே இல்லை! பக்கத்தில் அடங்கவில்லையென்று இடதுபுறத்தை வெட்டிவிட்டார்கள். இயேசு காற்றைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

ஒரு படத்துக்காவது ஓவியர், ஆண்டு, ஊடகம், அளவு, இருப்பிடம் என்று ஐந்தும் இல்லை. இந்தியர் ஒருவரும் இல்லை. மாதாவுக்குச் சேலை உடுத்தி வரைந்ததற்காகச் சொந்த கோவாவிலேயே ஏச்சு வாங்கிய ஓவியர் ஆஞ்செலோ த ஃபொன்சேகா இப்படிப்பட்ட நூலில் இல்லையென்றால் வேறு எந்த நூலில் இருப்பார்? தங்கள் மதிப்புரையும் இதைக் கேட்கவில்லை. முந்தைய ஆண்டு இதே டிசம்பர் இதழில் லியோனார்டோவின் சுவரோவியத்தை 'ஃபிரெஸ்கோ' என்று எழுதியிருந்தீர்கள். ஈரச் சுண்ணத்தில் வரைந்தால்தான் ஃபிரெஸ்கோ. அவர் காய்ந்த சுவரில் வரைந்தார், அதனால்தான் உதிர்ந்தது, கடைசிச் சீரமைப்பு 1978-ல் தொடங்கி 1999 வரை இழுத்தது. அதற்கும் கடிதம் வந்தது. இடமில்லை என்றீர்கள்.

இப்போது கேட்பது இரண்டு வரி. 'ஜெபிக்கும் கரங்கள்' டியூரரின் சகோதரனுடையவை என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அடுத்த இதழில் ஒரு மூலையில் போடுங்கள். இனி ஓவிய நூல்களுக்கு மதிப்புரை எழுதுபவரிடம் நடுப்பக்கத்தை ஒருமுறை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
பாளையங்கோட்டை