ஐரிஷ் மக்களைக் காத்தது பொறுமை அன்று, வாக்குரிமை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் குடியேறிய ஐரிஷ் மக்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பஞ்சத்திலிருந்து தப்பி வந்தவர்கள் இழிவைப் பொறுத்துக்கொண்டு உழைத்தார்கள், நாளடைவில் வெறுப்பு தானே தணிந்தது என்பது கட்டுரையாளரின் முடிவு. அவர்களுடைய உழைப்பை நான் மறுக்கவில்லை. வெறுப்பு தானே தணிந்தது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

முதலில், 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தால் பெருங்கூட்டம் வந்திறங்கியதே வெறுப்புக்குக் காரணம் என்று அவர் எழுதியிருப்பது காலக்கணக்கோடு பொருந்தவில்லை. பாஸ்டனை அடுத்த சார்லஸ்டவுனில் கத்தோலிக்கக் கன்னியர் மடம் தீக்கிரையானது 1834இல். பிலடெல்பியாவில் கத்தோலிக்க தேவாலயங்கள் எரிக்கப்பட்டது 1844இல். இரண்டுமே பஞ்சத்துக்கு முந்தியவை. ஐரிஷ்காரர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள்; போப்பாண்டவருக்குக் கட்டுப்பட்ட அவர்கள் குடியரசுக்கு விசுவாசமாக இருக்க மாட்டார்கள் என்ற ஐயம் ஏற்கெனவே ஊறிக் கிடந்தது. பஞ்சம் அதனுடன் வறுமையையும் கூலிப் போட்டியையும் சேர்த்தது, அவ்வளவுதான்.

கட்டுரை தொடாமல் விட்ட செய்தி வாக்குரிமை. 1790ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைச் சுதந்திரமான வெள்ளையர்களுக்கு மட்டுமே திறந்துவைத்தது. ஐரிஷ்காரர்களை எவ்வளவு இழிவாகப் பேசினாலும், சட்டத்தின் கண்ணில் அவர்கள் வெள்ளையர்களே என்பதால் ஐந்தாண்டுகள் குடியிருந்தபின் அவர்களால் குடிமக்களாக முடிந்தது. எதிராளிகள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். 1854இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தை ஏறத்தாழ முழுமையாகக் கைப்பற்றிய, குடியேறிகளையும் கத்தோலிக்கரையும் எதிர்த்த 'நோ நத்திங்' கட்சியினர், அந்த ஐந்தாண்டுகளை 21 ஆண்டுகளாக்க வேண்டும் என்றார்கள். லூயிவில் நகரில் 1855 ஆகஸ்டில் குறைந்தது 22 பேர் பலியான கலவரம் மூண்டது, ஐரிஷ் மற்றும் ஜெர்மானியக் குடியேறிகளை வாக்குச்சாவடியிலிருந்து விரட்டிய தேர்தல் நாளில்தான். 1859இல் மாசசூசெட்ஸ், குடியுரிமை பெற்ற வெளிநாட்டார் மேலும் இரண்டாண்டுகள் கழித்தே வாக்களிக்கலாம் என்று தன் அரசமைப்பைத் திருத்தியது.

அக்கட்சியும் மனம் மாறிக் கரையவில்லை. அடிமைமுறைப் பிரச்சினையில் பிளவுபட்டு, 1856 குடியரசுத் தலைவர் தேர்தலில் மேரிலாந்தில் மட்டும் வென்று சிதைந்தது. ஐரிஷ் வாக்குகளோ பெருகிக்கொண்டே போயின. நியூயார்க்கில் டாமனி ஹால் என்ற கட்சி அமைப்பு அவ்வாக்குகளை நாடி நகராட்சி வேலைகளை வழங்கியது. பாஸ்டனில் 1884 தேர்தலில் அயர்லாந்தில் பிறந்த ஹியூ ஓ'பிரையன் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வாக்கு எண்ணிக்கையைப் புறக்கணிக்க எந்த அரசியல்வாதியும் துணியவில்லை என்பதே இதில் நான் காண்பது.

துன்பப்பட்டவர்களுக்குப் பிறர் துன்பம் புரியும் என்று கட்டுரையாளர் நம்புவதற்கும் வரலாறு துணைநிற்கவில்லை. 1863 ஜூலையில் நியூயார்க்கில் கட்டாயப் படைச்சேர்ப்பை எதிர்த்து எழுந்த கலகத்தில், ஐரிஷ் தொழிலாளர்கள் மிகுதியாக இருந்த கூட்டம் கறுப்பின மக்களை அடித்துக் கொன்றதோடு, அவர்களுடைய அநாதைக் குழந்தைகள் இல்லத்தையும் கொளுத்தியது. 1877இல் கலிபோர்னியாவில் "சீனர்கள் வெளியேற வேண்டும்" என்று மேடைதோறும் முழங்கிய டெனிஸ் கீர்னி, அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் பிறந்தவர். ஐந்தே ஆண்டுகளில், சீனத் தொழிலாளர்கள் குடியேறுவதைத் தடுத்த சீனர் விலக்குச் சட்டம் வந்தது.

இன்றைய குடியேறிகளும் பொறுமையாக உழைத்தால் ஏற்றுக்கொள்ளப்படுவார்கள் என்று கட்டுரை அறிவுரை கூறுகிறது. சீனர்கள் உழைக்காமலா இருந்தார்கள்? சியரா நெவாடா மலைகளைக் குடைந்து சென்ட்ரல் பசிபிக் ரயில் பாதையை அமைத்தவர்களில் பெரும்பாலோர் அவர்களே. அப்பாதை 1869இல் நிறைவடைந்தது. ஆனால் சீனாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள் குடியுரிமை கோரும் உரிமையை அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டமாக்கியது 1943இல்தான்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்