சல்பைடுக்குப் பதில் நொதி: வாணியம்பாடி டேனரித் தொழிலாளர்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்
கீழே கையொப்பமிட்டுள்ள டேனரித் தொழிலாளர்கள்,
வாணியம்பாடி.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருப்பத்தூர் மாவட்டம்.

பொருள்: தோலில் முடி நீக்க நொதி முறையைச் சோதித்துப் பார்க்க ஏற்பாடு செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நாங்கள் டேனரிகளில், அதாவது தோல் பதனிடும் ஆலைகளில், சுண்ணாம்பு டிரம்மிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் வேலை பார்ப்பவர்கள். பச்சைத் தோலில் முடி எடுக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறோம். அது முடியைக் கூழாகக் கரைக்கிறது. கூழும் மிச்ச சல்பைடும் கழிவுநீரில் சேர்கின்றன. அதில் அமிலத் தண்ணீர் வந்து கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. வாடை போய்விட்டதென்று நம்பித் தொட்டிக்குள் இறங்கினால் உயிரே போய்விடும்.

டேனரிக் கழிவுநீர் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, கழிவுநீரைச் சுத்திகரிப்பதில் கெடுபிடி கூடியது. சரி, நல்லதுதான். ஆனால் டிரம்முக்குள் சல்பைடு போவது நிற்கவில்லையே!

முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது; தோலோ கொலாஜன். பேசில்லஸ் இனப் பாக்டீரியாக்கள் சில, கெரட்டினைச் சிதைக்கும் கெரட்டினேஸ் நொதியைச் சுரக்கின்றன. அமெரிக்காவின் வட கரோலினாவில் அப்படி ஒரு பாக்டீரியாவை வைத்துக் கோழி இறகையே கரைத்துத் தீவனமாக்க ஆராய்ந்திருக்கிறார்கள். தோலில் இந்த நொதியைப் போட்டால் முடி வேரோடு தளர்ந்து முழுசாக வந்துவிடும். அதை வடிகட்டி எடுத்து உரமாக்கலாம்; கழிவுநீரின் சுமையும் குறையும்.

தோல் மேல்பரப்பு கெட்டுவிடும் என்று முதலாளிகள் தயங்குகிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. கொலாஜனையும் தின்னும் நொதியாக இருந்தால் சரக்கு பாழ்தான். அதனால் கொலாஜனைத் தொடாத நொதியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அளவு, நேரம், சூட்டையும் சரியாக வைக்க வேண்டும். சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இந்த நொதிகளில் நெடுங்காலமாக ஆய்வு செய்துவருகிறது.

எனவே, அந்த நிறுவனத்தாரை வரவழைத்து, விருப்பமுள்ள இரண்டு டேனரிகளில் சோதனை நடத்த உத்தரவிட வேண்டுகிறோம். நொதிக்கு ஆகும் கூடுதல் செலவில் ஒரு பங்கை, மாவட்டத் தொழில் மையம் வழியாகச் சிறு டேனரிகளுக்கு மானியமாகத் தர வழியுண்டா என்றும் பார்க்க வேண்டும். டேனரியை மூடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. எங்கள் பிழைப்பே அதுதான். அப்புறம், சோதனையின்போது எங்களில் சிலரையும் உடன் வைத்துக்கொள்ள வேண்டும். டிரம்மில் கை வைப்பவர்கள் நாங்கள்தானே.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
டேனரித் தொழிலாளர்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)

இடம்: வாணியம்பாடி