கீழூரில் வாக்களித்தது பொதுமக்கள் அல்லர்

ஆசிரியருக்கு வணக்கம்.

புதுச்சேரி விடுதலை பற்றிய கட்டுரையில், கீழூர் பொதுவாக்கெடுப்பில் மக்கள் வாக்களித்ததால் 1954இல் புதுச்சேரி இந்தியாவின் பகுதியானது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியில் இரண்டு பிழைகள். புதுநத்தம் சாலை நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இதை அப்படியே குறிப்பெடுத்துவிடுவார்கள் என்ற கவலையில் எழுதுகிறோம்.

1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரியை அடுத்த கீழூர் என்ற ஊரில் வாக்களித்தவர்கள் 178 பேர்தான். எல்லாரும் பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதித்துவ சபைக்கும் நகராட்சிகளுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஆதரவு 170, எதிர்ப்பு 8. மக்கள் தாமே வாக்களித்தது வங்காளத்தில் இருந்த பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூரில், 1949 ஜூன் 19இல். இந்தியாவும் பிரான்சும் செய்துகொண்ட 1948 ஜூன் உடன்பாட்டின்படி மற்றப் பிரெஞ்சுப் பகுதிகளிலும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். எப்போது, யார் மேற்பார்வையில் என்பதில் டெல்லியும் பாரிஸும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஆனால் மக்கள் சம்மதம் இல்லாமல் நிலத்தைக் கைமாற்ற 1946ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசமைப்பின் 27ஆம் பிரிவு இடம் தரவில்லை. இந்த முடிச்சை அவிழ்க்கக் கண்ட வழியே கீழூர்.

இரண்டாவது பிழைதான் பெரிது. 1954 நவம்பர் 1 அன்று கைமாறியது நிர்வாகம் மட்டும். இறையாண்மை பிரான்சிடமே இருந்தது. ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956 மே 28இல் கையெழுத்தானது, ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தராமல் அது செல்லாது. அல்ஜீரியப் போர் நடக்கும்போது இன்னொரு நிலத்தை விட்டுக்கொடுக்கும் மசோதாவைக் கொண்டுவர அங்கே துணிவில்லை. 1962 மார்ச்சில் அந்தப் போரை முடித்துவைத்த எவியன் உடன்பாடு வந்தது. அதன் பிறகே இதற்கும் வழி பிறந்து, ஆகஸ்ட் 16 அன்று ஒப்புதல் பத்திரங்கள் பரிமாறப்பட்டன. இந்திய அரசமைப்பின் 14ஆவது திருத்தம் புதுச்சேரியை யூனியன் பிரதேசமாக்கியதும் அதே ஆண்டில்தான்.

எட்டு ஆண்டு இடைவெளிதானே என்று விட்டுவிட முடியாது. குடியுரிமைக் கணக்கு 1962 ஆகஸ்ட் 16இலிருந்துதான் தொடங்குகிறது. புதுச்சேரிப் பகுதிகளில் பிறந்து அங்கேயே வசித்த பிரெஞ்சுக் குடிமக்கள் அன்று தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுத்த குடும்பங்களால்தான் இன்றும் பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்குப் புதுச்சேரியில் வாக்குச்சாவடி அமைக்கிறார்கள்.

அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிடுங்கள். 1954, 1962 என்ற இரண்டு ஆண்டுகளும், எது எதற்கு என்ற விளக்கமும் அதில் இருக்கட்டும்.

வரலாற்று ஆசிரியர்கள் சிலர்,
மதுரை.