கேட்காமல் வந்த தட்டு

அன்புள்ள கயல்,

நேற்று ராத்திரி ஸ்பெயினில், கிரனாடா ஊரில் உன் அம்மா நின்றுகொண்டே சாப்பிட்டாள். வீட்டில் நீ நின்றபடி ஒரு வாய் போட்டாலும் சத்தம் போடுவாளே, அவள்தான்.

நாவாஸ் தெருவில் வரிசையாக பார்கள். ஆறரை மணிக்கே பசியோடு போய் நின்றோம். அடுப்பே இன்னும் பற்றவைக்கவில்லையாம். ஒன்பதுக்கு மறுபடி போனால் உட்கார இடமில்லை. ஒரு பழைய பீப்பாய்தான் மேஜை.

தம்பி எங்கள் இருவருக்கும் மோஸ்தோ சொன்னான். புளிக்காத திராட்சைச் சாறு. அவனுக்கு ஒரு 'கான்யா', அதாவது சின்ன கிளாஸ் பீர். (அம்மா பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.) கூடவே தோர்த்தியா வந்தது, உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துத் தடியாகச் சுட்டது. "இதை நாங்கள் கேட்கவில்லையே" என்று கையை ஆட்டினேன். பில்லில் ஏற்றிவிடுவார்களோ என்ற பயம், வேறென்ன. கடைக்காரர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அப்புறம்தான் தம்பி சொன்னான்: இங்கே ஒவ்வொரு பானத்துக்கும் ஒரு தாப்பா, அதாவது சின்னத் தட்டில் கொறிக்க ஏதாவது, சும்மா வருமாம். என்ன வரும் என்பது சமையல்காரர் இஷ்டம். செவில்லா ஊரில் ஒவ்வொன்றுக்கும் காசு கொடுத்தோம்!

இரண்டாவது தட்டில் ஹாமோன், உப்பிட்டு உலர்த்திய பன்றிக்கறி. தலைக்கு மேலே பன்றித் தொடைகள் தொங்கின. ஒவ்வொன்றின் அடியிலும் கொழுப்பு சொட்டினால் பிடிக்க, கவிழ்த்த குடை மாதிரி ஒரு குட்டிக் கிண்ணம். அம்மா அண்ணாந்து பார்த்தாள். மெதுவாக இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். அவள் பங்கும் தம்பிக்கே.

மூன்றாவதுதான் விஷயம். மெல்லியதாகச் சீவி, மாவில் புரட்டிப் பொரித்த கத்தரிக்காய், மேலே கறுப்பாக ஏதோ ஊற்றியிருந்தது. அம்மா விரலால் தொட்டு நக்கினாள். "ஏங்க, வெல்லப்பாகுங்க இது!" கிட்டத்தட்ட சரிதான். கரும்புப் பாகு. அரபியர் இந்தப் பக்கம் கொண்டுவந்த கரும்பு. 1492இல் அவர்கள் ஆட்சி போயிற்று, பாகு போகவில்லை. மலாகா பக்கம் ஃப்ரிஹிலியானாவில் இன்னும் காய்ச்சுகிறார்கள்.

அதையே இன்னொரு தட்டு கேட்டாள். விரும்பியதைக் கேட்டால் காசுதான். முழுத் தட்டாக வாங்கினோம். "மாவில் துளி மிளகாய்த்தூள் போட்டிருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே முக்கால்வாசியை அவளே முடித்தாள். இங்கே பார்த்த அல்ஹாம்ப்ரா அரண்மனையைப் பற்றிக்கூட இதுவரை இவ்வளவு பேசவில்லை.

இன்று காலை ஒரு பாட்டில் பாகு வாங்கியாயிற்று. என் இரண்டு சட்டைகளில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறாள். தீபாவளிக்கு வரும்போது நீளக் கத்தரிக்காயாகப் பார்த்து வாங்கி வா.

அப்பா