ஜிக்சாவின் 0, 1, 2, 3

ரங்கூன்

அன்புள்ள மகளுக்கு,

மௌலமேனிலிருந்து நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பிளைவுட்டின் மேல்தோல் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி பிய்ந்திருக்கிறது. பிளேடைத் திட்டாதே. ஜிக்சா மின்ரம்பத்தின் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று போட்ட குமிழ் 3-இல் நின்றிருக்கும், போய்ப் பார்.

அது வேகத்துக்கான குமிழ் இல்லை. வேகத்துக்கு வேறு சக்கரம் இருக்கிறது. பிளேடு மேலே ஏறும்போது எவ்வளவு முன்னால் உதைக்க வேண்டும் என்பதற்குத்தான் இது. 0-இல் பிளேடு நேராக ஏறி இறங்கும். எண் கூடக்கூட, ஏறும்போது பாய்ந்து கடிக்கும், இறங்கும்போது பின்வாங்கித் தூளை வெளியே விடும். வேலை சீக்கிரம் முடியும், ஓரம் கரடாகும். சாதாரண பிளேடில் பல் மேல்நோக்கித்தானே இருக்கிறது? அதனால் பிய்வது மேல்முகம்.

பிளைவுட்டுக்கு 0, மிஞ்சினால் 1. நல்ல முகத்தைக் கீழே போட்டு அறு. சிங்க் துளை மாதிரி மேலிருந்தே அறுக்க வேண்டிய இடத்துக்குப் பல் கீழ்நோக்கிய பிளேடு கேட்டு வாங்கு. அதற்கு 0 மட்டும்தான். அது மெஷினை மேலே தள்ளும், அடித்தட்டை அழுத்திப் பிடி.

கதவுக்கு 25 மி.மீ. தேக்கு என்றாய். 1-இல் தொடங்கு, நாரோட்டத்தோடு நேராகப் போகும் வெட்டுக்கு 2 வைக்கலாம். தேக்கில் இருக்கும் சிலிக்கா பல்லைத் தின்றுவிடும். ஓரம் கருகிப் புகை வந்தால் பிளேடு மழுங்கியிருக்கும். அப்போது 3-க்குத் திருப்பித் தள்ளுவார்கள் பாரு, அதுதான் வினை: பிளேடு வளைந்து, மேலே கோட்டில் நிற்கும் வெட்டு அடியில் விலகிப் போயிருக்கும். பிளேடை மாற்று. பிங்காடோ என்கிற அந்த இரும்பு மாதிரி மரத்தை ஜிக்சாவில் அறுக்கவே வேண்டாம், மரவாடியில் கொடுத்துவிடு.

வளைவுக்கு 0, ஒடுக்கமான பிளேடு. 3 எல்லாம் பைன் பெட்டிப் பலகைக்கு.

கூரைத் தகடு அறுக்க 0, குறைந்த வேகம், இரும்பு அறுக்கும் பிளேடு, ஒரு சொட்டு எண்ணெய். உதைப்பு வைத்தால் தகடு துள்ளும், பல் உடையும். மெல்லிய தகடென்றால் அடியில் வீணான பிளைவுட் துண்டை வைத்துச் சேர்த்தே அறு.

இன்னொன்று. பிளேடின் முதுகைத் தொட்டு நிற்கும் குட்டி உருளைதான் அந்த உதைப்பைக் கொடுக்கிறது. தூள் அடைத்து அது சுற்றாமல் நின்றால் பிளேடின் முதுகு அதில் உரசிச் சூடாகும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூளை ஊது, ஒரு துளி எண்ணெய் விடு. பிளேடில் கை வைக்காதே, அறுத்த கையோடு சுடும்.

அடுத்த கதவைத் தொடும் முன், மீதித் துண்டில் 0, 1, 2 ஒவ்வொன்றிலும் ஒரு சாண் அறுத்து, பக்கத்தில் பென்சிலால் எண் எழுதிப் படம் அனுப்பு. கரண்ட் நிலையாக இருக்கும் நேரம் பார்த்துச் செய்.

அப்பா