காஸி மூழ்கிய இரவு: இந்தியக் கடற்படைத் தலைமையகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். 1971 டிசம்பர் 3-ஆம் தேதிக்கும் 4-ஆம் தேதிக்கும் இடைப்பட்ட நள்ளிரவில், விசாகப்பட்டினத் துறைமுகத்துக்கு வெளியே பாகிஸ்தான் நீர்மூழ்கிக் கப்பல் காஸி தன்னிலிருந்த 93 பேருடன் மூழ்கியது. அது எதனால் மூழ்கியது என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. இதுகுறித்துத் தங்களிடம் எஞ்சியுள்ள பதிவுகளை வெளியிட வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

1945-இல் அமெரிக்கக் கடற்படையில் டயாப்லோ என்ற பெயரில் சேர்ந்த இக்கப்பல், 1960களில் குத்தகையாகப் பாகிஸ்தானுக்குப் போனது. 1965 போரின்போது இந்தியாவிடம் நீர்மூழ்கியே கிடையாது. அப்போரில் நம் பிரம்மபுத்ரா கப்பலைத் தாக்கிவிட்டதாகக் காஸி உரிமை கொண்டாடியது. அதன் மாலுமிகளுக்குப் பதக்கங்களும் வழங்கப்பட்டன. பிரம்மபுத்ராவோ ஒரு கீறலுமின்றி இருந்தது. வாய்ச்சொல்லுக்குப் பதிலாகக் கப்பலே சான்றாக நின்ற அந்த நிகழ்வை இங்கே நினைவூட்டக் காரணம் உண்டு: காஸியின் முடிவுக்கும் அத்தகைய நேரடிச் சான்றையே கேட்கிறேன்.

1971 நவம்பர் 14 அன்று கராச்சியிலிருந்து புறப்பட்ட காஸி, இலங்கையைச் சுற்றி வங்கக் கடலுக்குள் வந்தது. அவ்வளவு தொலைவு வந்து போரிடும் ஆற்றல் பாகிஸ்தானின் வேறெந்த நீர்மூழ்கிக்கும் இல்லை. விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தைத் தேடி அழிப்பதும், விசாகப்பட்டினத்து வாயிலில் கண்ணிவெடி விதைப்பதும் அதன் பணிகள். சென்னைக் கடற்பரப்பில் அது தேடிய விக்ராந்த், அதற்குள் அந்தமானுக்குப் போய்விட்டது. கிழக்குக் கட்டளையகத் தலைவர் வைஸ் அட்மிரல் கிருஷ்ணன், பணி ஓய்வை நெருங்கிய ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பலை விக்ராந்தைப் போல நடிக்க வைத்தார். விக்ராந்தின் மாலுமி ஒருவர் உடல்நலம் குன்றிய தம் தாயைப் பற்றி விசாரிப்பது போல, சங்கேதமில்லாத செய்தியொன்றும், எதிரி ஒட்டுக்கேட்டு விக்ராந்த் அங்கேயே இருப்பதாக நம்பட்டும் என்று வானொலியில் அனுப்பப்பட்டது. பெரிய திட்டங்களைவிட இந்தச் சின்னப் பொய்தான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

அந்த இரவில் துறைமுகத்தை விட்டு வெளியேறிய ராஜ்புத், நீரில் கண்ட கலக்கத்தை நீர்மூழ்கியின் அசைவென ஐயுற்று நீருக்கடியில் வெடிக்கும் இரண்டு டெப்த் சார்ஜ் குண்டுகளை வீசியது. காஸியை வீழ்த்தியவை அக்குண்டுகளே என்பது ஒரு தரப்பு. தான் விதைத்த கண்ணிவெடியிலேயே அது சிக்கியது என்பது பாகிஸ்தானின் கூற்று. மின்கலங்களை மின்னேற்றும்போது சேர்ந்த ஹைட்ரஜன் வாயு தீப்பற்றி, உள்ளிருந்த வெடிபொருள்களும் வெடித்தன என்பாரும் உண்டு. கப்பலின் முன்பகுதி உள்ளிருந்து வெளிநோக்கிப் பிளந்து கிடந்ததாகச் சொல்லப்படுவதை அவர்கள் சான்றாகக் காட்டுகிறார்கள். குண்டு வீசிய நேரமும் வெடிப்பின் நேரமும் நிமிடக் கணக்கில் தெரிந்தாலன்றி இவற்றுள் ஒன்றைத் தேர்வது ஊகமாகவே இருக்கும்.

இந்நிலையில், காஸி தொடர்பான ஆவணங்கள் 1980-இல் அழிக்கப்பட்டுவிட்டன என்று 2010-இல் வெளிவந்த செய்தி எங்களைப் போன்ற வாசகர்களைக் கலங்க வைத்தது. அழிந்தவை எவை, எஞ்சியவை எவை என்ற பட்டியலையாவது தாங்கள் வெளியிடலாம். ராஜ்புத்தின் அன்றைய பதிவேடு, அந்த டிசம்பரில் சிதைவிடத்தில் இறங்கிய முக்குளிப்போரின் அறிக்கைகள், 2024-இல் ஆழ்கடல் மீட்புக் கலம் சிதைவைக் கண்டறிந்தபோது கிடைத்த படங்கள் ஆகியன எங்கள் கோரிக்கையில் முதன்மையானவை. பாதுகாப்புக் காரணம் என்று மறுப்பதற்கு, டீசலில் ஓடிய, உலகப்போர்க் காலத்து அமெரிக்க வடிவமைப்பில் இனி என்ன மறைபொருள் இருக்கப்போகிறது?

விடை எதுவாக வந்தாலும் தங்களுக்குத் தலைக்குனிவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கண்ணிவெடியே காரணம் என்று தெரியவந்தால்கூட, விக்ராந்தை அந்தமானில் மறைத்துக் காத்த சூழ்ச்சியின் மதிப்பு அணுவளவும் குறையாது.

காஸியின் சிதைவை அங்கிருந்து அகற்றாமல், அதைப் போர்க்கல்லறையாகவே பேணி வரவும் வேண்டுகிறேன். எல்லாப் பதிவுகளையும் வெளியிட நாளாகும் என்றால், ராஜ்புத்தின் அன்றிரவுப் பதிவேடு இருக்கிறதா, இல்லையா என்பதை மட்டுமாவது முதலில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
கடற்போர் வரலாற்று வாசகன் ஒருவன்,
சென்னை