பாலத்தடியில் டார்ச் பிடித்து நின்ற அண்ணனுக்கு

அண்ணா, அன்று ராத்திரி உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். கேட்கிற நிலையிலும் நான் இல்லை, கோபத்தில் இருந்தேன்.

பாலத்தின் மேல் கணுக்கால் அளவுதான் தண்ணீர் ஓடியது. பின் சீட்டில் அம்மா. "மெதுவாப் போயிடலாம்" என்றேன். நீங்கள் பைக்கைக் குறுக்கே நிறுத்திவிட்டு, ஒரு குச்சியை ஓடும் தண்ணீரில் நட்டுக் காட்டினீர்கள். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. வேகமாக ஓடினால் 15 செ.மீ. தண்ணீரே ஆளைத் தள்ளிவிடும், 30 செ.மீ. இருந்தால் சின்ன கார் மிதக்கும் என்று நீங்கள் சொன்னபோது நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் சொன்னீர்கள்: "மேலே தார் அப்படியே இருக்கும், கீழே தூண் அடியில மண் இருக்காது." வெள்ளம் தூணைச் சுற்றிச் சுழன்று அடிமண்ணை அரித்துவிடுமாம். தண்ணீர் வடியும்போது வண்டல் வந்து அந்தக் குழியை மூடிவிடுவதால், அப்புறம் பார்த்தாலும் ஒன்றும் தெரியாதாம்.

விடியும்போது பாலத்தின் நடுத்துண்டு ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. கைப்பிடிச் சுவரில் வைக்கோலும் யாரோ ஒருவரின் பள்ளிப் பையும் மாட்டியிருந்தன.

உங்களிடம் கத்தியதற்கு மன்னித்துவிடுங்கள். அம்மா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார். அவர் தலையில் போர்த்திவிட்ட உங்கள் ரெயின்கோட் எங்களிடம்தான் இருக்கிறது, துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.